கம்பைக் கண்டா நடுங்குற நாய்

எங்க ஆட்டுப்பட்டிக்குத் தானா வந்து சேர்ந்த செவலை நாய்க்குக் கம்புன்னா உசிரே போயிரும். ஆடு வச்சிருக்கறவன் கையில கம்பு இல்லாம இருக்குமா? நான் தொரட்டியை எடுத்தாலே வாலைக் கவட்டுக்குள்ள சொருகிட்டு வைக்கோல்போருக்குப் பின்னாடி ஓடிரும். முன்னாடி எங்கேயோ நல்லா அடி வாங்கியிருக்கணும்.

"வெரட்டி விடுங்க, பயந்த நாய்தான் கடிக்கும்"னார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அதுலயும் நியாயம் இருக்கு. ஓட வழியில்லாத நாய் பல்லைத்தான் காட்டும். வீட்டுக்குப் பேத்தி வந்து போறா. வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டே ஆகணும். ஆனா பிடிச்சு இழுத்தா கடி நிச்சயம். அதுவா பக்கத்துல வந்தாத்தான் உண்டு. அதுவரைக்கும் பேத்தியைப் பட்டிப் பக்கம் விடலை.

கம்பைத் தரையில போட்டுட்டு, அதுக்குப் பத்தடி தள்ளி ஒரு கருவாட்டுத் துண்டை வீசினேன். உப்புப் போக ஊறவச்சு அலசுன கருவாடு. "எனக்கு ஒருநாள் இப்படி அலசிக் குடுத்திருப்பீங்களா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டா. நாயைக் கூப்பிடலை, முறைச்சும் பார்க்கலை. நேருக்கு நேர் பார்த்தா சண்டைக்குக் கூப்பிடுறதா நினைச்சுக்கும். பக்கவாட்டுல குந்தி என் வேலையைப் பார்த்தேன். அரைமணி நேரம் கழிச்சு வந்து கவ்விட்டு ஓடிருச்சு.

தினமும் இதேதான். நாலு நாளைக்கு ஒருக்கா துண்டை ஒரு சாண் கம்புப் பக்கம் நகர்த்துவேன். தூக்கம் வராமலே கொட்டாவி விட்டுச்சு, சும்மா சும்மா உதட்டை நக்குச்சுன்னா பயம் ஏறுதுன்னு அர்த்தம். உடனே பழைய தூரத்துக்கே போட்டுருவேன்.

டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க பாசமா நேரா போய் தலையைத் தடவப் பார்ப்பாங்க. மேலேருந்து இறங்குற கை, அடிபட்ட நாய்க்கு அடிக்க வர்ற கைதான். முதல்ல அது வந்து மோந்து பார்க்கட்டும். பிறகு தாடைக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமா தொடுங்க.

ரெண்டு மாசத்துல கம்பைத் தாண்டி வந்து என் கையில வாங்கித் தின்னுச்சு. அடுத்து கம்பைக் கையில வச்சுக்கிட்டே குடுத்தேன். கயிறுக்கும் இதே வழிதான்: காட்டுறது, கழுத்துல பட வைக்கிறது, அப்புறம் கட்டுறது. கால்நடை ஆஸ்பத்திரியில டாக்டர் ஊசி போட்டப்போ செவலை கவனமெல்லாம் என் கையிலிருந்த துண்டு மேலதான்.

அடுத்த வருஷ ஊசிக்குக் காலண்டர்ல குறிச்சாச்சு. வெடிச்சத்தம்தான் இன்னும் அதுக்கு ஆகலை. தீபாவளிக்குக் கொட்டகை மூலையில சாக்கு விரிச்சு வைக்கணும்.