கணக்கில் வராத அடிகள்



தரம் 10 கணிதத்தை நாங்கள் இருவர் பிரித்துப் படிப்பிக்கிறோம். நேற்று இரண்டு வகுப்பையும் ஒன்றாக வைத்து சராசரி படிப்பித்தோம். (பாடப்புத்தகத்தில் 'இடை' என்றிருக்கும். கிரிக்கெட் சராசரி என்றால்தான் பிள்ளைகளுக்கு உடனே விளங்குது.) பிரட்மனின் 99.94ஐ பலகையில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சேர், ஒரே ஒரு மெட்ச் ஆடி நூறு அடிச்சி அவுட் ஆனவரு பிரட்மனை விடப் பெரிய ஆளா?"

நல்ல கேள்வி. பதிலுக்கு அமெரிக்காவின் பேஸ்போல் வரை போக வேண்டியதாயிற்று.

அங்கே சராசரி என்றால் ஓட்டக் கணக்கல்ல. பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது ஒரு 'ஹிட்'. ஆயிரம் தடவை துடுப்பெடுத்தால் எத்தனை ஹிட் என்று பார்ப்பார்கள். 300 வந்தாலே நல்ல ஆட்டக்காரர். வாழ்நாள் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவர் டை கொப், .367. 2024 மே மாதம் அவருக்கு மேலே ஒரு பெயர் ஏறியது: ஜோஷ் கிப்சன், .372. அடியின் பலத்தை அளக்கும் கணக்கிலும் கிப்சன் .718, பேப் ரூத் .690.

கிப்சன் இறந்து அப்போது 77 வருடம்.

அவர் கறுப்பினத்தவர். மேஜர் லீக்கின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. தனியாக நீக்ரோ லீக்குகள் நடத்தி அதில்தான் ஆடினார்கள். 1947 ஏப்ரல் 15இல் ஜக்கி ரொபின்சன் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனார். கிப்சன் அதே வருடம் ஜனவரி 20இல் இறந்துவிட்டார். வயது 35. மூன்று மாதம் கூட இல்லை. 1975 வரை அவருடைய கல்லறையில் பெயர் எழுதிய கல் கூட இருக்கவில்லை.

பின்வரிசை விடவில்லை. "டை கொப் எத்தனை தடவை ஆடினாரு சேர்?" பதினோராயிரத்துக்கு மேல். கிப்சன் கணக்கில் இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம். "அப்ப அந்த ஒரு மெட்ச் கதைதானே?"

இல்லை மகன். கறுப்பினத்தவரின் லீக் பருவம் குறுகியது. வயிற்றுப்பாட்டுக்கு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள், அந்த ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேராது. இருக்கிற இந்த எண்களும் பழைய பத்திரிகைகளில் ஆட்ட விபரங்களைத் தேடித்தேடி ஆய்வாளர்கள் சேர்த்தெடுத்தவை. எல்லா ஆட்டமும் சேர்த்து ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று புகழ் மண்டபத்திலுள்ள அவருடைய பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் மேஜர் லீக் பட்டியலில் அதை ஏற்ற வழியில்லை.

இன்னொன்றும் சொன்னோம். சட்செல் பேஜ் என்று ஒரு பந்துவீச்சாளர், அவரும் கறுப்பினத்தவர், 42 வயதில்தான் மேஜர் லீக்குக்குள் விட்டார்கள். கிப்சன் அவரை எதிர்த்து ஆடியவர். டை கொப்போ பேப் ரூத்தோ ஒரு லீக் ஆட்டத்திலும் அப்படி ஒருவரைச் சந்திக்கவில்லை. கிப்சனின் எண் குறைவு என்று குறிப்புப் போடுகிறவர்கள், அவர்கள் இருவரின் எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்புப் போடுவதில்லை.

மணி அடித்தது. ஓய்வறையில் நாங்கள் இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

சொல்ல வெட்கம்தான். போன வருடம் இதே வகுப்புப் பிள்ளை ஒன்று டெங்குக் காய்ச்சலில் மூன்று பாடப் பரீட்சைக்கு வரவில்லை. நாங்கள் சைபர் போட்டு ஒன்பதால் பிரித்தோம். நாலாம் இடத்தில் இருந்த பிள்ளை இருபத்தோராம் இடத்துக்குப் போனது. வாப்பா வந்து, "வராததும் சைபரும் ஒண்டா மாஸ்டர்?" என்று கேட்டார். முறை அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்தப் பிள்ளை நேற்று இரண்டாம் வரிசையில் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. .372ஐ எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

இன்று காலை அலுவலகத்தில் போன வருடப் புள்ளிப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறோம். அலுமாரித் திறப்பு இருப்பவர் லீவாம். நாளைக்கு வரச் சொன்னார்கள்.