எழுபது கொண்டை ஊசிகள்

கூந்தலில் செருகிக்கொள்ளும் கொண்டை ஊசியை உங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். போன வழியே வளைந்து திரும்பி வருகிற சாமான் அது. அப்படிப்பட்ட ஊசிகள் 70-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தார் ஊற்றினால் எப்படி இருக்கும்? நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலை அப்படித்தான் இருக்கிறது. அந்த எழுபதையும் என் ஐம்பதாவது வயதில் சைக்கிளில் ஏறினேன் என்றால் நம்புவீர்களா? நம்பவேண்டாம். ஏறியது அறுபத்தாறுதான். மீதி நான்கின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிறந்தது புதுக்கோட்டைச் சீமை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், கைக்குழந்தைக்காரிகள்கூட, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பழகினார்கள். அப்போது எனக்கு வயது பதினேழு. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபோது சீர்வரிசையோடு என் சைக்கிளும் வந்தது. "நம் வீட்டு மருமகள் சைக்கிளிலா கறிகாய் வாங்கப் போவது?" என்று மாமியார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். சைக்கிள் பின்கட்டுக்குப் போயிற்று. அங்கே துருவேறி, ஒருநாள் பழைய இரும்புக்காரனோடு புறப்பட்டுப் போய்விட்டது. நான் அழவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

போன வருஷம் என் பெண் கியர் வைத்த சைக்கிள் வாங்கினாள். "அம்மா, நீயும் வாயேன்" என்று சிநேகிதியின் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தினாள். மூன்று மாதம் விடியற்காலையில் பழகினேன். எழுபத்தெட்டு வயது மாமியார் வாசல் திண்ணையிலிருந்து பார்ப்பார். நல்லதும் சொல்லமாட்டார், பொல்லாததும் சொல்லமாட்டார். புறப்படுகிற அன்று மட்டும் என் பையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைத் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸின் வயிற்றில் சைக்கிள்களைக் கிடத்தி நாமக்கல் சேர்ந்தோம். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, மேலே கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரை வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டுச் சேந்தமங்கலம் சாலையில் மிதித்தோம். இரு பக்கமும் மரவள்ளித் தோட்டங்கள். எதிரே மலை, சுவர் வைத்து அடைத்தாற்போல் நிற்கிறது. 'இதற்குள் வழி எங்கே இருக்கும்?' என்று வயிற்றைக் கலக்கியது.

காரவள்ளியில் இட்லி சாப்பிட்டோம். பெண் எனக்கு உபதேசம் செய்தாள்: "பேசிக்கொண்டே மிதிக்க வேண்டும். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பசிக்கும் முன் தின்னவேண்டும், தாகத்துக்கு முன் குடிக்கவேண்டும்." பேசிக்கொண்டே செய்கிற வேலை நமக்குப் பழக்கம்தானே!

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. பத்துக்குள்ளேயே ஒரு ரகசியம் பிடிபட்டது. இடப்பக்கமாகத்தானே நாம் போகவேண்டும்? ஆகவே இடதுபுறம் திரும்பும் வளைவில் உட்பக்கம் மாட்டிக்கொள்கிறோம். அங்கே தரை செங்குத்து, மூச்சு வாங்கும். வலதுபுறம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நமக்கு. தாராளமாக, தாய்வீடு போல் இருக்கும். ஒன்று புக்ககம், ஒன்று பிறந்தகம் என்று மாறி மாறிப் போனேன். பஸ் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் ஓரங்கட்டி நின்றுவிடவேண்டும். திரும்புவதற்கு அதற்குச் சாலை முழுவதும் வேண்டும்.

முப்பத்தெட்டாவது வளைவு தாண்டியதும் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி இழுத்தது. இறங்கினேன். இறங்கியதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் கழித்து வந்து, பாதியில் உருட்டுவதற்கா வந்தேன்? முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று பெண்ணிடம் முகம் காட்டாமல் தள்ளினேன். நாற்பத்திரண்டில் ஓர் அம்மாள் அன்னாசியைக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, சைக்கிள் ரிப்பேருங்களா?"

"சைக்கிள் நன்றாக இருக்கிறது. நான்தான் ரிப்பேர்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உப்பும் மிளகாய்த் தூளும் தூவி இரண்டு துண்டம் கொடுத்தாள். "எங்க ஆத்தா தலைச்சுமையோட நடந்தே இறங்கும், நடந்தே ஏறும். வழியில உக்காந்து உக்காந்துதான் வரும்ங்க" என்றாள். இந்த மலைவாசிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், பேசுவது தமிழ்தான்.

கால் மணி நேரம் உட்கார்ந்தேன். மாமியாரின் கடலை மிட்டாய் பொட்டலம் காலியாயிற்று. நாற்பத்து மூன்றாவது வளைவில் மறுபடி ஏறி உட்கார்ந்தவள், பிறகு இறங்கவே இல்லை. அறுபதுக்கு மேல் காற்று குளிர்ந்தது. மரங்களில் மிளகுக்கொடி புடவை சுற்றியதுபோல் சுற்றியிருந்தது. எழுபது என்று பலகை வந்தபோது என் பெண் சாலையிலேயே குதித்தாள். நான் மைல்கல்லைக் கட்டிக்கொண்டேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

நீங்களும் போவதானால் இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காதீர்கள். சக்கரத்தின் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடித்து, பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். படிகள் ஏராளம், சைக்கிள் மிதித்த கால் அன்றைக்கே அதற்கு இணங்காது.

சோளக்காடு தாண்டிச் செம்மேட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி அங்கே குதிரைமேல் சிலையாக இருக்கிறான். அவன் காலடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். மாமியார்தான் எடுத்தார்.

"அம்மா, மேலே வந்து சேர்ந்துவிட்டோம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சைக்கிளைப் பூட்டி வைத்தாயா? பார்த்துக்கோ. இதையும் யாராவது கொண்டுபோய்விடப் போகிறார்கள்" என்றார்.