நாற்பது நாள் சமையல்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரை எனக்குத் தெரிந்த சமையல் இரண்டுதான். ஒன்று வெந்நீர் வைப்பது. மற்றொன்று அப்பளம் பொரிப்பது. அதிலும் அப்பளம் பாதி நாள் கருகிவிடும். அப்படிப்பட்ட நான் தவக்காலத்தின் நாற்பது நாட்களும் எங்கள் வீட்டு இரவுச் சமையலைச் செய்தேன் என்றால் தோழியர் சிலர் நம்ப மறுக்கிறார்கள். எனவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய தெருவில் உள்ளது. அப்பா விசைப்படகில் வேலை செய்கிறார். விடியுமுன் கடலுக்குப் போனால் இரவில்தான் கரைக்குத் திரும்புவார். அப்பா, அம்மா, ஆச்சி, தம்பி, நான் என வீட்டில் ஐந்து பேர். சாளையோ, ஊளியோ, ஏதாவது ஒரு மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கிச் சுத்தபோசனம் அனுசரிக்க வேண்டும் அல்லவா? எங்கள் தெருவில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? சீலா மீன் குழம்பு! இப்படியொரு தவத்தை யார்தான் செய்யமாட்டார்கள்?

ஜனவரி மாதம் எங்கள் பங்கில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ஆச்சியைக் காட்டுவதற்காகத்தான் போனோம். போன இடத்தில் அம்மாவின் இரத்தத்தையும் பரிசோதித்தார்கள். பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அம்மாவுக்கு 8.6 தான் இருந்தது. "தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று அங்கிருந்த செவிலியச் சகோதரி கேட்டார். "எங்களுக்கென்ன சிஸ்டர், தினமும் மீன்தான்" என்றார் அம்மா. உடனே என் தம்பி, "இல்லை சிஸ்டர், அம்மா மீன் சாப்பிடமாட்டாங்க. குழம்பு மட்டும்தான் ஊற்றிக்கொள்வாங்க" என்றான்.

நான் திடுக்கிட்டேன். பதினான்கு ஆண்டுகள் அதே அடுக்களையில் சாப்பிட்டும் நான் கவனிக்காததைப் பத்து வயதுப் பையன் கவனித்திருக்கிறான். ஆறு துண்டு மீன் இருந்தால் அப்பாவுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு, ஆச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மாவுக்குச் சட்டியை வழித்த குழம்பு. கேட்டால், "எனக்கு மீன் அவ்வளவாகப் பிடிக்காது" என்பார்.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றை நிறையச் சேர்க்கச் சொன்னார். மதியம் மீன் வைத்தால் அம்மாவும் ஒரு துண்டு கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றும் கண்டித்துச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பழையபடியே நடந்தது.

அந்த நாட்களில்தான் எங்கள் அறிவியல் ஆசிரியை வகுப்பில் உணவைப் பற்றிப் பாடம் நடத்தினார். மீன், இறைச்சி, முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி உண்பவர்கள் இருக்கிறார்கள் என்றும், இவர்களுக்கென 1944-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது என்றும், இதனை ஆங்கிலத்தில் வீகன் என்றும் தமிழில் நனிசைவம் என்றும் கூறுவர் என்றும் சொன்னார். "பால் இல்லாமல் காப்பியா, மிஸ்?" என்று வகுப்பே சிரித்தது. "ஏன், உங்கள் ஆச்சி போடும் கருப்பட்டிக் காப்பியில் பாலா இருக்கிறது?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் அடங்கிவிட்டோம். பிறகு அவர் கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதினார். இட்லியும் சாம்பாரும், எலுமிச்சைச் சாதம், சுண்டல், கேழ்வரகு அடை, உளுந்தஞ்சோறு, சொதி. நெய்யை மட்டும் விட்டுவிட்டால் இவையெல்லாம் நனிசைவமே. ஆண்டு முழுவதும் இப்படி உண்பவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையையோ அது சேர்க்கப்பட்ட உணவையோ தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் தாவர உணவில் அச்சத்தை நம்பமுடியாது என்ற எச்சரிக்கையையும் அவர் சொல்ல மறக்கவில்லை.

பிப்ரவரியில் எனக்குப் பதினான்கு வயது நிறைந்தது. திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனக் கடமை தொடங்கும் வயது அதுவே. மார்ச் 5-ஆம் நாள் திருநீற்றுப் புதன். மறைக்கல்வி வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தவமுயற்சியை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சிலர் மிட்டாய் வேண்டாம் என்றார்கள். சிலர் கைப்பேசி வேண்டாம் என்றார்கள். நான், "இரவுச் சமையலை நானே செய்வேன். அதில் மீன், முட்டை, பால், நெய் எதுவும் இராது" என்று எழுதிக் கொடுத்தேன். முற்காலக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் முட்டை, பால், வெண்ணெயையும் விலக்கினார்கள் என்றும், கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் இன்றும் அவ்வழக்கம் உண்டு என்றும் சகோதரி சொன்னபோது எனக்கு ஓரளவு தைரியம் வந்தது.

ஆச்சிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. "ஏட்டி, அப்பளம் பொரிக்கத் தெரியாதவளா ஆறு பேர் வயிற்றை நிரப்பப் போற?" என்றார். "ஐந்து பேர்தானே ஆச்சி?" என்றேன். "உன் தம்பியை இரண்டாக எண்ணணும்" என்றார்.

முதல் நாள் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்ய நினைத்தேன். முந்தின இரவே ஊறவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. குக்கர் எத்தனை விசில் அடித்தும் கடலை கல்லாகவே இருந்தது. பத்து மணிக்கு அப்பா வந்து பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். "மீன் எங்கம்மா?" என்றார். "தவக்காலம், அப்பா." "தவக்காலம் எனக்குமா?" என்று சிரித்தவர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோறு தின்று படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் எலுமிச்சைச் சாதம் தப்பித்தது. மூன்றாம் நாள்தான் நான் மறக்க முடியாத நாள். சிறுகீரையும் பாசிப்பருப்பும் வேகவைத்துத் தேங்காய், சீரகம் அரைத்துவிட்டுக் கூட்டு செய்தேன். நன்றாக அமைந்துவிட்டது. தம்பி மூன்றாம் முறை வாங்கினான். அப்பாகூட, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். மகிழ்ச்சியில் அள்ளி அள்ளிப் பரிமாறினேன். கடைசியில் எனக்கென்று பார்த்தால் பாத்திரத்தில் ஒரு கரண்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. "உனக்கு எங்கே?" என்று அம்மா கேட்டார். "எனக்குப் பசியில்லை, அம்மா" என்றேன்.

சொன்னபிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. எனக்கு நல்ல பசி. எங்கள் வீட்டில் அதுவரை அந்தப் பொய்யைச் சொல்லிவந்தவர் ஒருவர்தான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் எதுவும் பேசாமல் தம் தட்டில் இருந்ததில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டார்.

அன்றிரவு நான் ஒரு முடிவு செய்தேன். மறுநாள் முதல் பரிமாறும் முன்பே ஐந்து தட்டுகளையும் வரிசையாக வைத்தேன். கூட்டையும் சோற்றையும் முதலில் ஐந்தாகப் பங்கிட்டேன். அப்பா வரும்வரை காத்திருந்து ஐவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு வை, பிறகு பார்ப்போம் என்று அம்மா தட்டிக்கழிக்க வழியே இல்லாமல் போயிற்று. இந்தச் சமையலில் ஒரு வசதியும் இருந்தது. மீனென்றால் துண்டை எண்ணவேண்டும், யாருக்கோ குறையும். கூட்டிலும் உளுந்தஞ்சோற்றிலும் எண்ணுவதற்கு எதுவுமில்லை. ஒரு கைப்பிடி பருப்பைக் கூடப் போட்டால் ஒருவருக்கும் குறைவில்லை.

இனி, புதிதாகத் தொடங்கும் தோழியருக்காக நான் கற்றவற்றுள் சிலவற்றைக் கூறுகிறேன்.

எங்கள் பக்கத்து உளுந்தஞ்சோறு மிகவும் எளிது. இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு கழுவி, பத்துப் பல் பூண்டு, ஒரு சிறு கரண்டி வெந்தயம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து ஏழு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்தால் நான்கு விசிலில் வெந்துவிடும். வறுத்த எள், மிளகாய், புளி, உப்பு வைத்து அரைத்த துவையல் இதற்கு ஏற்ற துணை.

கேழ்வரகு அடைக்கு மாவில் முருங்கைக்கீரை, நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டு வெந்நீர் தெளித்துப் பிசைய வேண்டும். எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, நல்லெண்ணெய் விட்டுச் சிறு தீயில் வேகவைக்கவும். தீ பெரிதானால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். இது என் அனுபவம்!

சனிக்கிழமைகளில் சொதி. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் ஆகியவற்றை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றி, கடைசியில் முதற்பாலைச் சேர்க்க வேண்டும். முதற்பால் சேர்த்தபின் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றை இறக்கியபின்தான் பிழிய வேண்டும். முதல் முறை இரண்டையும் தவறாகச் செய்தேன். ஆனாலும் ஆச்சி, "கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு மாதிரி இருக்கு" என்று சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று தெரியாது.

மோர் இல்லாத குறைக்கு ரசம். நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். கீரை, பயற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். உண்ட உடனே தேநீர் குடித்தால் அது தடைப்படும். சாப்பிட்டதும் தேநீர் குடிக்கும் அம்மாவின் வழக்கத்தை நிறுத்தியதுதான் நாற்பது நாட்களில் எனக்கு மிகவும் கடினமான வேலை.

ஏப்ரல் 15-ஆம் நாள், புனித வாரத்திலேயே, விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அது 61 நாட்கள் நீடிக்கும். அப்பாவுக்கு வருமானம் இல்லாத அந்நாட்களில் எங்கள் உளுந்தும் கீரையும் பெருந்துணையாக இருந்தன என்றால் மிகையாகாது. நாற்பது நாள் தவம் எங்கள் வீட்டில் நூறு நாள் வரை நீண்டது. யாரும் முணுமுணுக்கவில்லை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு. நாட்டுப்படகில் வந்த மீனில் அரைக்கிலோ வாங்கி வந்தார் அப்பா. அம்மா குழம்பு வைத்தார். நான் வழக்கம்போல ஐந்து தட்டுகளை வரிசையாக வைத்து, முதல் துண்டை அம்மாவின் தட்டில் வைத்தேன். "எனக்கு வேண்டாம், தம்பிக்கு வை" என்று அம்மா தொடங்கினார். அப்பா தம் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, "நீ முதலில் சாப்பிடு" என்றார். அம்மா சாப்பிட்டார். பிடிக்காத பண்டத்தைச் சாப்பிடுகிறவர் போல எனக்குத் தெரியவில்லை. முள்ளைக்கூட விடாமல் சுவைத்தார்.

மே மாதம் மறுபடியும் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 10.9 ஆகியிருந்தது. பெரும்பங்கு மாத்திரைக்கே என்று செவிலியச் சகோதரி சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாத்திரையையும் இப்போது அம்மா எங்களோடு உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டபின் விழுங்குகிறார்.

அன்புத் தோழியரே! மீனை விடுங்கள், பாலை விடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை. வாரத்தில் ஓர் இரவாவது உங்கள் கையால் ஒரு கூட்டோ சுண்டலோ செய்து பாருங்கள். கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். பரிமாறும் முன் தட்டுகளை எண்ணுங்கள். உங்கள் அம்மாவின் தட்டு அவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் நாற்பது நாள் தவம் இருந்ததாக எண்ணியிருந்தேன். ஆண்டு முழுவதும் தவம் இருந்த ஒருவர் என் பக்கத்திலேயே இருந்தார்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு