அத்தைக்கும் பிரஷர் மிஷினுக்கும் வழக்கு

அன்புள்ள வசந்தி,

பதில் தாமதம்தான், திட்டாதே. வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது, நான்தான் சாட்சி. வாதி என் மாமியார். பிரதிவாதி, பையன் வாங்கி வந்த பிரஷர் மிஷின்.

முன்பெல்லாம் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு பாதரசம் இறங்குவதைப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? 1905இல் கொரட்கோவ் என்ற ரஷ்ய டாக்டர் கண்டு சொன்ன வழி அது. துடிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கும் இடம் மேல் கணக்கு, அடங்கும் இடம் கீழ்க் கணக்கு. இந்த மிஷினுக்குக் காதே கிடையாதுடீ! பட்டைக்குள் இருக்கும் காற்று நாடியோடு சேர்ந்து அதிர்வதை அளந்து, உள்ளே இருக்கும் சில்லு கணக்குப் போட்டு இரண்டு எண்ணையும் ஊகிக்கிறது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் அதுவே தடுமாறுமாம். இது தெரிந்ததிலிருந்து அத்தை, "காதால கேக்காமலே தீர்ப்பு சொல்லுதா?" என்று பிடித்துக்கொண்டார்.

மிஷின் காலம்தான், காய்க்காரம்மாவின் தராசும் எலக்ட்ரானிக்காக மாறிவிட்டது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டும் வித்தை போச்சு. ஆனால் முள்ளைப் பார்த்துப் பேரம் பேசி வாங்கின இரண்டு பச்சைமிளகாயும் போச்சு. தட்கல் ரயில் டிக்கெட் கதை உனக்கே தெரியும். பதினொரு மணிக்கு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு, போனில் பையனின் கட்டைவிரலையே பார்க்கிறது.

போன மாதம் இவருக்குத் தலைசுற்றல், சி.டி. ஸ்கேன் எடுத்தோம். பயப்படாதே, ஒன்றுமில்லை. வெளியே காத்திருந்தபோது பையன் சொன்னான்: அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட், பீட்டில்ஸ் பாட்டுத்தட்டு போட்ட இ.எம்.ஐ. கம்பெனி இன்ஜினியராம். 1971 அக்டோபர் 1இல் விம்பிள்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் நோயாளி. பல கோணங்களில் எக்ஸ்ரே பாய்ச்சி, 80க்கு 80 புள்ளிக் கோலம் மாதிரி, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு கறுப்பு என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டதாம். 1979இல் நோபல் பரிசு. நான் பாட்டு கேட்டாலே தலைவலி என்கிற மனுஷர், பாட்டுக் கம்பெனி கண்டுபிடித்த மிஷினுக்குள்தான் தலையை நீட்டினார்!

வழக்குக்கு வருகிறேன். நேற்று அத்தைக்கு 172 காட்டியது. பிறகுதான் படித்தேன், அளக்கும்போது பேசக்கூடாதாம். அத்தையிடம் இதை யார் சொல்வது? கெஞ்சி, வாயை மூட வைத்து அளந்தேன். 138. இன்று காலை மறுபடி 160. பட்டை இறுகியதும், "அந்த வசந்தி பொண்ணைப் பாத்துட்டுப் போனாங்களே, என்ன ஆச்சாம்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

என்னடீ ஆச்சு? சீக்கிரம் எழுது. அதுவரை இங்கே பிரஷர் இறங்காது.

உன்,
கோமு