ஒரே ஆறு, ஒரே வீடு, ஒவ்வொரு கோடையும்

"இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்ற பேச்சு ஏப்ரல் மாதமே நம் வீடுகளில் தொடங்கிவிடுகிறது. போன வருஷம் மூணாறு, அதற்கு முந்தைய வருஷம் கோவா. பார்த்த இடத்துக்கே மறுபடியும் போவதைக் காசுக்குக் கேடு என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வடக்கு ஓரத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே வருகிற குடும்பங்கள் உண்டு. அதே வீடு, அதே படகுத்துறை, அதே ஆறு. மகள் குடும்பம் அந்தப் பக்கம் இருப்பதால் அந்த ஊரைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்ததிலிருந்து என் பிள்ளைகள் வயதில் இருப்பவர்களிடம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஊரின் பெயர் தௌசண்ட் ஐலண்ட் பார்க். ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே 1,800-க்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரிய தீவுகளில் ஒன்றான வெல்லெஸ்லியின் முனையில், 1875-இல் மெதடிஸ்ட் சபையினர் கோடைக்கால ஜெபக் கூட்டங்களுக்காக இந்த இடத்தை அமைத்தார்கள். முதலில் வெறும் கூடாரங்கள். கூடாரம் அடிக்க அளந்து கொடுத்த சின்னச் சின்ன மனைகளிலேயே பிறகு மர வீடுகள் எழும்பின. அதனால் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு வராந்தாவில் இருமினால் அடுத்த வராந்தாவிலிருந்து விசாரிப்பார்கள். 1912-இல் பெரும் தீ பிடித்து ஓட்டலும் பல வீடுகளும் சாம்பலாயின. அதற்குப் பிறகும் ஜனங்கள் வருவதை நிறுத்தவில்லை. 1938-இல் பாலம் திறக்கும்வரை படகில்தான் வந்து இறங்க வேண்டியிருந்தது.

காலையில் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பசித்தால்தான் வீடு திரும்புகிறார்கள். எந்த வீட்டில் சாப்பிடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை. படகுத்துறையிலிருந்து தண்ணீரில் குதிக்கிறார்கள், நடுங்கிக்கொண்டே ஏறி வருகிறார்கள், உடனே மறுபடியும் குதிக்கிறார்கள். மழை நாளில் சீட்டும் படப்புதிர்த் துண்டுகளும் மேசைக்கு வந்துவிடும். கடலையும் பேரேரிகளையும் இணைக்கும் கப்பல் பாதை 1959-இல் திறந்ததிலிருந்து 700 அடிக்கும் மேல் நீளமான சரக்குக் கப்பல்கள் ஊருக்கு முன்னாலேயே போகின்றன. தாத்தா தொலைநோக்கியை எடுத்துக் கொடியைப் பார்த்து எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்வார், பேத்தி கப்பல் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கடந்து போகிற ஒவ்வொரு படகுக்கும் கை அசைப்பது அங்கே வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இல்லை.

அந்த ஆற்றுக்கென்றே பிறந்த ஒரு படகு உண்டு, செயின்ட் லாரன்ஸ் ஸ்கிஃப். இரண்டு முனையும் கூரான மரத் துடுப்புப் படகு. அதில் பாய் கட்டியும் ஓட்டுவார்கள். ஆனால் சுக்கான் கிடையாது! ஓட்டுகிறவர் தன் உடம்பையே சுக்கானாக்கிக்கொள்கிறார். முன்னே நகர்ந்தால் படகு காற்றை நோக்கித் திரும்பும், பின்னே நகர்ந்தால் காற்றைவிட்டு விலகும். இதை எந்தப் புத்தகமும் ஒரு பிள்ளைக்குக் கற்றுத்தர முடியாது. ஒரே படகில், ஒரே திருப்பத்தில், ஒரே காற்றில் பல கோடைகள் தடுமாறினால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். பக்கத்தில் கற்றுக்கொடுக்கிற ஒரு பெரியவர் வேண்டும், அவருக்கு அவசர வேலை எதுவும் இருக்கக்கூடாது. நான் சொல்ல வந்ததே இதுதான். பேரக்குழந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் நடுவே நெருக்கம் உண்டாக, சும்மா இருக்கிற நேரம் நிறைய வேண்டும், அந்த நேரம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வர வேண்டும். சுற்றுலாப் பேருந்தில் அது கிடைக்காது. அங்கே எல்லோரும் சன்னல் வழியே வெளியே பார்க்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1895-இல் விவேகானந்தர் இங்கே ஏழு வாரம் தங்கினார். டச்சர் என்ற மாணவி தம் கோடை வீட்டை அவருக்காகவே விரிவுபடுத்திக் கட்டிக் கொடுத்திருந்தார். டெட்ராய்ட்டிலிருந்து இரண்டு பெண்கள் மழை கொட்டும் இரவில், வழி விசாரித்துக்கொண்டு மேடேறி வந்து சேர்ந்தார்கள். பாடம் நடந்த வீடுதான். ஆனால் அவர் தாமே சமைத்துப் பரிமாறியதையும், வேடிக்கைக் கதைகள் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்ததையும் அங்கிருந்தவர்கள் பாசத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். வால்டோ என்ற மாணவி எடுத்த குறிப்புகள் 1908-இல் சென்னையிலிருந்துதான் புத்தகமாக வந்தன. விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் வாழ்ந்ததும் சென்னையில்தானே. அந்த வீடு இன்றும் இருக்கிறது, இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளின் பராமரிப்பில். மாடி வராந்தாவில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. பெரிய வேலைக்கு நடுவே ஒரு மனிதர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார் என்பது எவ்வளவு ஆறுதல்!

ஆறு எப்போதும் இதமாக இருப்பதில்லை. 2017-இலும் 2019-இலும் ஏரியும் ஆறும் வரலாறு காணாத அளவு உயர்ந்து, கரை நெடுகப் படகுத்துறைகளை மூழ்கடித்தன. ஜனங்கள் மணல் மூட்டை அடுக்கினார்கள், பலகைகளைப் பெயர்த்து உயர்த்திக் கட்டினார்கள். நன்றாக இருந்தால் வருவோம், இல்லையென்றால் வேறு ஊர் பார்ப்போம் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

"அது வசதி உள்ளவர்கள் கதை" என்பீர்கள். இப்போது அந்த வீடுகள் விலை அதிகம்தான். ஆனால் சொந்த வீடு இல்லாமல், ஆண்டுதோறும் அதே வாரத்தில் அதே வீட்டை வாடகைக்கு எடுப்பவர்களும் ஆற்றோரம் உண்டு. நமக்கும் இது புதிதல்ல. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே மாமா வீட்டுக்குப் பஸ் ஏறியவர்கள் நாம். பம்ப்செட்டில் குளியல், மாங்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள், ராத்திரி மொட்டைமாடியில் வரிசையாகப் பாய். ஒரு வருஷம்கூட அது அலுத்ததில்லை. பூர்வீக வீடு விற்றுப்போனதும் அந்த வழக்கமும் கூடவே போய்விட்டது. வீடு போனது போகட்டும், வழக்கத்தை விட வேண்டியதில்லை.

தாமிரபரணியில் கோடையிலும் தண்ணீர் ஓடும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு பழைய வீட்டைப் பத்து நாளுக்கு வாடகை பேசுங்கள். அடுத்த வருஷமும் அதையே கேளுங்கள், அதற்கடுத்த வருஷமும். முதல் வருஷம் பிள்ளைகளுக்குப் பொழுது போகாது, டிவி இல்லையென்று முனகுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் பாசி வழுக்கும், எந்தக் கடையில் பால் பன் சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் இரண்டாம் வருஷம் அவர்களுக்கே தெரிந்திருக்கும். மகனுக்கோ மருமகளுக்கோ லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பேரப்பிள்ளைகளை மட்டும் உங்களோடு அனுப்பச் சொல்லுங்கள்.