ஜனக்புரிச் சாயக்காரர்களும் நிறம் பழகும் கண்ணும்

மேற்கு தில்லியின் ஜனக்புரிச் சந்தைகளிலும் அதை ஒட்டிய திலக் நகர்க் கடைத்தெருவிலும், ஓர் அடுப்பு, ஓர் அலுமினியப் பாத்திரம், சில சாயப்பொடி டப்பாக்கள் ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொழில் நடத்தும் சாயக்காரர்களைக் காணலாம். இந்தியில் ரங்ரேஸ் எனப்படும் இவர்களிடம் வெள்ளைத் துப்பட்டாவையும், அது பொருந்த வேண்டிய கமீஸின் துண்டுத் துணியையும் கொடுத்தால், அளவுக் கருவி எதுவும் இல்லாமல் கண்ணை மட்டுமே கொண்டு அதே நிறத்தை ஏற்றிக் கொடுக்கிறார்கள். நிறத்தை நுட்பமாகக் காண்பது பிறவி வரம் என்ற பரவலான எண்ணம் பெரும்பாலும் தவறு என்பதை இவர்களுடைய வேலையைப் பக்கத்தில் நின்று கவனிப்பவர் உணர்வார்.

வேலை நிறத்தில் தொடங்குவதில்லை. துணியின் இழை எது என்ற கேள்வியில் தொடங்குகிறது. பருத்தியும் பட்டும் சூடான சாயநீரில் நிறம் பிடிக்கும். பாலியெஸ்டர் ஆழமாக நிறம் ஏற்க ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வெப்பமும், அதைத் தாங்கும் மூடிய கலனும் தேவைப்படுவதால், திறந்த பாத்திரத்தில் அது சரியாக ஏறாது. ஐயம் எழுந்தால் ஒரு நூலை உருவி எரித்துப் பார்ப்பது துணித் தொழிலில் பழைய வழக்கம்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பட்டு முடி கருகும் வாடை தரும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். அதன்பின் சாயத்தை வேண்டிய அளவைவிடக் குறைவாகவே கரைக்கிறார்கள். ஏனெனில் நிறத்தைக் கூட்டுவது எளிது, ஏறியதை இறக்குவது கடினம். ஈரத் துணி உலர்ந்ததைவிட அடர்த்தியாகத் தெரியும் என்பதால், ஒரு மூலையைப் பிழிந்து, சூட்டில் காட்டி உலர்த்திய பிறகே மாதிரித் துண்டின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்த ஒப்பீட்டில்தான் கலையின் உயிர் இருக்கிறது. பழகாத கண் ‘பொருந்துகிறது’ அல்லது ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் சொல்லும். பழகிய கண் எந்தத் திசையில், எவ்வளவு விலகல் என்று சொல்லும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நூலில் நிறத்தை மூன்று பண்புகளாகப் பிரித்தார்: சிவப்பா, நீலமா என்னும் நிறவகை; வெளிர்ந்ததா, கருத்ததா என்னும் ஒளிர்வளவு; தெளிந்து பளிச்சிடுகிறதா, சாம்பல் கலந்து மங்கியிருக்கிறதா என்னும் செறிவு. சாயக்காரரின் திருத்தங்களும் இம்மூன்றின் வழியேதான் நடக்கின்றன. சிவப்பு அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால், அதன் எதிர்நிறமான பச்சையில் ஒரு சிட்டிகை சேர்த்து அடக்குகிறார்கள். கருமையையும் மங்கலையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதே புதியவரின் முதல் தடுமாற்றம் என்பதால், பயிற்சியும் இவ்விரண்டையும் பிரித்தறிவதிலிருந்து தொடங்குவது நல்லது.

கண்ணைச் சூழலும் ஏமாற்றும். பாரிசின் கோப்லென் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த வேதியியலறிஞர் செவ்ரோல், கறுப்பு நூல் சோபையிழந்து தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அதை அடுத்திருந்த நீலமும் ஊதாவுமே காரணம் என்று கண்டறிந்து, 1839இல் விரிவான நூலாக எழுதினார். ஒளியும் அவ்வாறே ஏமாற்றும்: வெவ்வேறு சாயங்களில் தோய்ந்த இரு துணிகள் கடையின் எல்இடி விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் வேறாகத் தெரியலாம். துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகலொளியில் பார்க்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண் அந்நிறத்துக்குச் சோர்ந்துவிடும். ஆகவே சட்டென்று பார்த்துப் பார்வையை விலக்குவதே நல்ல முறை.

நினைவைப் பொறுத்தவரை, இன்னும் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். பழகிய பொருள்களின் நிறத்தை மக்கள் உண்மையைவிடச் செறிவாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று நிற ஆய்வாளர் பார்டில்சன் 1960இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வெங்காயத்தோல் நிறமான பியாஸி, மருதாணியிலையின் மெஹந்தி என்ற பெயர்களும், காஞ்சிபுரம் பட்டின் அரக்கு, வாடாமல்லி, எம்.எஸ். நீலம் என்ற பெயர்களும் நிறத்தின் அண்டை அயலுக்கு அழைத்துச் செல்லும். சரியான இடத்தைக் காட்டுவது மாதிரித் துண்டு மட்டுமே. ஆயினும் நினைவைத் திருத்த முடியும். ஒரு பொருளைப் பார்த்து, அதை மறைத்துவிட்டு, அதன் நிறத்தை வண்ணக் குழம்பில் கலந்து, பின்பு இரண்டையும் பகலொளியில் அருகருகே வைத்து, பிழை மூன்று பண்புகளில் எதில் நேர்ந்தது என்று குறித்துவந்தால், தன் கண் எந்தப் பக்கம் சாயும் என்பது ஒருவருக்கு நாளடைவில் தெரிந்துவிடும். சாயக்காரரின் அடுப்படியில் நாள்தோறும் நடப்பதும் இதே திருத்தம்தான். பிழை உடனே கண்முன் தெரிவதால் அங்கே கற்றல் விரைவாகிறது.

இத்தகைய தேர்ச்சி சான்றிதழாகவோ கூலி உயர்வாகவோ மாறாமல் தெருவோரத்திலேயே நின்றுவிடுவது வருந்தத்தக்கது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று ஜனக்புரியிலேயே இருக்கிறது. அங்கும் பிற பள்ளிகளிலும் ஓவியம் கற்பிப்போர் மாணவர்களை ஒரு பகற்பொழுது இச்சாயக்காரர்களிடம் அழைத்துச் செல்ல வேண்டும், அந்நேரத்துக்குரிய கூலியையும் அவர்களுக்கு ஆசிரியர்க்குரிய மதிப்போடு கொடுக்க வேண்டும்.