சொந்த வாசல்

மூட்டுவலியால் வருந்தும் அன்னையைப் புதுச்சேரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, மின்சாரக் கார் ஒன்று வாங்க எண்ணினோம். கீழ்பென்னாத்தூரில் எங்களுடையது வாடகை வீடு. வண்டி நிறுத்தத் தெருதான் உண்டு. முப்பது யூனிட் கொள்ளும் மின்கலத்தை 15 ஆம்பியர் இணைப்பில் நிரப்ப ஏறத்தாழப் பத்து மணி நேரம் ஆகும். தெருவரை கம்பி இழுக்க வீட்டுக்காரர் இசையவில்லை.

2001இல் பெங்களூரில் அறிமுகமான ரேவா கார், ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடியது. இன்றைய கார்கள் அதனினும் பன்மடங்கு ஓடுகின்றன. தூரம் என்னும் தடை தளர்ந்தது. வாசல் என்னும் தடை நிற்கிறது.

அன்னை இன்றும் பேருந்துப் படியில் தடுமாறியே ஏறுகிறார். தூய காற்று அனைவருக்கும் பொது. அதற்கான வழி மட்டும் சொந்த வாசல் உள்ளோர்க்குத்தானா?